புதூர் புழுதியில் ஒரு பழைய அரசு லேப்டாப்

புதூர், விளாத்திகுளம் பக்கம் பரணில் ஏறிவிட்ட பொருள்களில் அரசின் விலையில்லா மடிக்கணினியும் ஒன்று. 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் அது. ஆரம்ப மாடல்களில் 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் உள்ளே இருந்தது. அதைத் திறந்து பார்த்த பிள்ளைகள் குறைவு. பாஸுக்குத் தாய்வீடு டெபியன். அதனால் விண்டோஸை விட்டுவைத்து, பாஸ் இருந்த இடத்தில் டெபியன் 12-ஐ எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்போடு ஏற்றிப் பார்த்தேன்.

எழுத, கணக்குப் பார்க்க, பிடிஎஃப் படிக்கத் தாராளம். பிரவுசரில் டேப்கள் கூடினால் மூச்சு வாங்குகிறது. ஆனால் வேகத்தைவிட, மக்கர் செய்யும்போது எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

இந்த வயதில் பேட்டரி செத்திருக்கும். கரண்ட் போனால் லேப்டாப்பும் பொட்டென்று போகும். அடுத்த முறை போட்டால் சில நேரம் கறுப்புத் திரையில் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று காட்டி நின்றுவிடும். இங்கேதான் பலர் பயந்து, கோவில்பட்டிக்கு பஸ் ஏறி, ஃபார்மேட் போட்டு, கல்யாண போட்டோக்களைத் தொலைக்கிறார்கள். அதே திரையில் மேல் வரியைப் படித்தால் எந்தப் பார்ட்டிஷனில் கோளாறு என்று எழுதியிருக்கும். ‘எஃப்எஸ்சிகே’ கட்டளையோடு அந்தப் பெயரைத் தட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கரண்ட் போகாமலே இது திரும்பத் திரும்ப வந்தால் ஹார்ட் டிஸ்க்கைச் சந்தேகிக்க வேண்டும். ஃபைல்களை முதலில் வெளியே எடுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

விண்டோஸும் கூடவே இருந்தால் கடிகாரம் படுத்தும். லினக்ஸுக்குப் போய்விட்டு விண்டோஸுக்குத் திரும்பினால் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். மதர்போர்டில் உள்ள கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொதுநேரமாக வைக்கிறது, விண்டோஸ் உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. நமக்கும் கிரீன்விச்சுக்கும் உள்ள இடைவெளிதான் அந்த ஐந்தரை. ‘டைம்டேட்சிடிஎல்’ கட்டளையில் உள்ளூர் நேரம் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும்.

வேகம் திடீரென்று படுத்தால் வைரஸ் என்று முடிவுகட்ட வேண்டாம். ‘டிமெஸ்க்’ தட்டினால், சூடு தாங்காமல் பிராசசரின் வேகத்தைக் குறைத்த செய்தி அங்கே பதிவாகியிருக்கலாம். கரிசல் புழுதி ஃபேனில் அப்பிக்கிடக்கும், பிரஷ்தான் மருந்து.

வானவில், பாமினி எழுத்துருவில் அடித்த பழைய மனுக்கள் முதலில் கொத்துக்கொத்தாக ஆங்கில எழுத்தாகத் தெரியும். அந்த எழுத்துருக் கோப்பை ஃபாண்ட்ஸ் ஃபோல்டரில் போட்டால் தமிழாகிவிடும்.

தோற்றுப்போன இடம் பிரிண்டர். புது மாடல்கள் சொருகியதும் வேலை செய்கின்றன. ஆனால் நம் ஊர் கடைகளில் உழைக்கும் பழைய லேசர் பிரிண்டர்களில் சில தனி டிரைவர் கேட்கும். அதை லினக்ஸில் நிறுவி நிலைநிறுத்துவது பெரும்பாடு, ஒரு அப்டேட் வந்தால் மறுபடி நின்றுபோகும். இதற்கு நான் மல்லுக்கட்டுவதில்லை. லிப்ரே ஆபீஸில் பிடிஎஃப் ஆக்கி, பென் டிரைவில் போட்டு ஜெராக்ஸ் கடையில் கொடுத்துவிடுகிறேன். எழுத்துரு பிடிஎஃபுக்குள்ளேயே போய்விடுவதால், கடைக்காரரிடம் வானவில் இல்லாவிட்டாலும் மனு சரியாகவே அச்சாகிறது.