மூலம் ஒன்று, உரை பல

திருக்குறளுக்குப் பழைய உரையாசிரியர்கள் பத்துப் பேர் என்பது மரபு. நம் கைக்கு வந்து சேர்ந்தவை மணக்குடவர், பரிதி, பரிப்பெருமாள், காலிங்கர், பரிமேலழகர் ஆகிய ஐவரின் உரைகள். மூலம் ஒன்றுதான். ஆனால் பல குறள்களுக்கு மணக்குடவர் சொல்லும் பொருள் ஒன்று, பரிமேலழகர் சொல்லும் பொருள் வேறொன்று. அதிகாரத்துக்குள் குறள்கள் நிற்கும் வரிசைகூட இருவரிடமும் மாறுகிறது. இன்று நாம் ‘இத்தனாவது குறள்’ என்று எண் சொல்வது பரிமேலழகர் வரிசைப்படி. அதை வள்ளுவரே போட்ட எண் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

வலைப்பக்கம் வடிவமைக்கிற வேலையில் எனக்கு இந்த விஷயம் அடிக்கடி நினைவுக்கு வரும். நாம் எழுதிக்கொடுப்பது எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். என்கிற மூலம் மட்டும். அதைப் படித்துத் திரையில் ‘இதுதான் பொருள்’ என்று காட்டுவது உலாவி. உலாவி ஓர் உரையாசிரியர். ‘குரோம்ல நல்லா இருக்கு, ஐபோன்ல மட்டும் ஏன் சார் கீழ விழுது?’ என்று ஒருவர் கேட்கும்போது, அவர் கேட்பது உரைபேதம் பற்றிய கேள்வி. இந்தக் கேள்விக்கு நம் தொழில் இருபத்தைந்து ஆண்டுகளாகச் சொல்லிவரும் பதில் சோம்பேறித்தனமானது என்பது என் குற்றச்சாட்டு. ‘அந்த பிரௌசர் சரியில்லீங்க’ என்பதே அந்தப் பதில்.

இந்தப் பதில் பழகிய இடம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் காலம். சி.எஸ்.எஸ். முதல் பதிப்பு டபிள்யூ3சி பரிந்துரையாக 1996 டிசம்பரில் வந்தது. ஒரு பெட்டிக்கு அகலம் 300 பிக்சல் என்று எழுதினால் அது உள்ளே இருக்கும் எழுத்துப்பகுதியின் அகலம் மட்டுமே என்றது அது. சுற்றிலும் விடும் பேடிங் 20, கோடு 5 என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து மொத்தம் 350. விண்டோஸில் ஓடிய ஐ.ஈ. 5 வேறு மாதிரி படித்தது. 300 என்றால் கோடும் பேடிங்கும் அடங்கிய முழுப்பெட்டியே 300; உள்ளே எழுத்துக்கு மிஞ்சுவது 250.

ஐம்பது பிக்சல்தானே என்று தோன்றும். 800க்கு 600 திரைகளின் காலத்தில் 750 பிக்சல் பக்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இடப்பத்தி 500, வலப்பத்தி 250, இரண்டுக்கும் பக்கவாட்டில் பத்துப்பத்து பேடிங். ஐ.ஈ. 5 கணக்கில் கச்சிதமாக 750. விதிப்படி படிக்கும் உலாவியில் 520, 270, ஆக 790. இடம் போதாது, வலப்பத்தி இடப்பத்திக்குக் கீழே போய் உட்கார்ந்துவிடும். பார்க்கிறவருக்குப் பக்கம் உடைந்துபோய்த் தெரியும். விதியை மதித்த உலாவியின் மீது பழி விழும். எல்லோரிடமும் இருந்தது ஐ.ஈ. என்பதால், அதில் தெரிவதே சரி என்றாகிவிட்டது.

இதற்கு வந்த தீர்வுகளில் ஒன்று நேர்மையானது. 2000-ல் மேக்கின்டோஷுக்கான ஐ.ஈ. 5 கோப்பின் முதல் வரியான டாக்டைப்பைப் பார்த்து முடிவெடுத்தது: ஒழுங்கான டாக்டைப் இருந்தால் விதிப்படி, இல்லாவிட்டால் பழைய வழக்கப்படி. மற்ற உலாவிகளும் இந்த வழிக்கு வந்தன. 2001-ல் வந்த ஐ.ஈ. 6 டாக்டைப்புக்கு மேலே ஒரு கமென்ட் வரி இருந்தாலே பழைய வழக்கத்துக்குப் போய்விடும். பக்கம் ஏன் உடைகிறது என்று ஸ்டைல் முழுக்கத் தேடிக்கொண்டிருப்பார்கள். காரணம் முதல் வரிக்கு மேலே இருக்கும்.

மற்றத் தீர்வுகள் மந்திரத்துக்குப் பக்கத்தில் வருபவை. ஐ.ஈ. 6-ல் இடப்பக்கம் மிதக்கவிட்ட பெட்டிக்கு இடது மார்ஜின் 20 கொடுத்தால் சில இடங்களில் 40 ஆகிவிடும். அதற்கு மருந்து ‘டிஸ்ப்ளே: இன்லைன்’ என்று ஒரு வரி. மிதக்கும் பெட்டியை பிளாக்காகவே கொள்ள வேண்டும் என்பது விதி. ஆகவே அந்த வரியால் மற்ற உலாவிகளில் எதுவும் மாறாது, ஐ.ஈ. மட்டும் குணமாகும். அகலக் கணக்குக்கான புகழ்பெற்ற தந்திரம் இதைவிட விசித்திரம். வாய்விட்டுப் படிக்கும் கருவிகளுக்கான ‘வாய்ஸ்-ஃபேமிலி’ என்ற பண்பில் ஒரு மேற்கோள் குறியை வைத்து, ஐ.ஈ. 5-ஐ ‘விதி இங்கே முடிந்தது’ என்று ஏமாற்றுவது. இதைக் கண்டுபிடித்த டான்டெக் செலிக் மைக்ரோசாஃப்ட்டில் மேக் உலாவியில் வேலை செய்தவர். ஒரே நிறுவனத்தின் இரண்டு உரைகள் ஒன்றோடொன்று முரண்பட்டுக் கிடந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இந்தத் தந்திரங்களை நான் கேலி செய்யவில்லை. மறுநாள் காலை பக்கம் வெளிவர வேண்டும் என்று நின்றவர்களுக்கு வேறு வழி இல்லை. என் விமர்சனம், அவை தந்திரமாக வந்து அறிவாக நிலைத்துவிட்டன என்பதில். ஏன் என்று தெரியாமல் வரிகள் ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்புக்குப் போயின. நோய் தீர்ந்த பிறகும் மருந்து தொடர்ந்தது.

கதையில் ஒரு திருப்பம் உண்டு. பிற்பாடு ‘பாக்ஸ்-சைசிங்’ என்ற பண்பு வந்தது. அதற்கு ‘பார்டர்-பாக்ஸ்’ என்று மதிப்புக் கொடுத்தால் பெட்டியின் அகலத்துக்குள் கோடும் பேடிங்கும் அடங்கும். அதாவது ஐ.ஈ. 5 செய்த அதே கணக்கு. இன்று ஏராளமான தளங்களின் ஸ்டைல் கோப்பு ‘எல்லாப் பெட்டிக்கும் பார்டர்-பாக்ஸ்’ என்றுதான் தொடங்குகிறது. சி.எஸ்.எஸ். குழுவே தன் வடிவமைப்புத் தவறுகள் என்று வைத்திருக்கும் பட்டியலில், இதை இயல்பான கணக்காக வைத்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. எதை உடைந்த உலாவி என்று திட்டினோமோ அதன் வாசிப்பு மனிதர்களுக்கு வசதியானதாக இருந்தது. அப்படியானால் ஐ.ஈ. செய்தது சரியா? இல்லை. எழுதிவைத்த மூலத்துக்கு மாறாகச் சொன்னதால் அது பிழைதான். ஆனால் மூலத்திலும் குறை இருக்கலாம், அதைச் சுட்டிக்காட்டுவது மாறுபட்ட உரையாகவே இருக்கலாம்.

ஆகவே பக்கம் ஓர் உலாவியில் உடைந்தால் முதல் கேள்வி ‘மூலத்தில் நான் என்ன எழுதியிருக்கிறேன்?’ டாக்டைப் இருக்கிறதா, திறந்த டேக் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, பக்கத்தின் பாதியை வெட்டுங்கள். சிக்கல் இருக்கிறதா? இருந்தால் மிச்சத்தில் பாதி. இல்லாவிட்டால் வெட்டியதைத் திரும்ப வைத்து மறுபாதி. இருபது வரிக்குள் நோயைக் கொண்டுவந்துவிடலாம். அந்த இருபது வரியை விதியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு யாரைத் திட்டுவது என்று முடிவு செய்யலாம். பெரும்பாலும் விதி ஒன்றும் சொல்லாமல் விட்ட இடமாகவோ, நாம் ஒரே உலாவியை நம்பி எழுதிய இடமாகவோ இருக்கும்.

தமிழுக்கு இது எப்படிப் பட்டது என்பது வலைப்பதிவு தொடங்கிய காலத்து ஆட்களுக்கு நினைவிருக்கும். அப்போது பல பதிவுகளின் வார்ப்புருவில் இருபக்கமும் சமன் செய்யும் ‘ஜஸ்டிஃபை’ இருந்தது. ஐ.ஈ.-யில் அழகாகத் தெரியும். ஃபயர்பாக்ஸில் கொம்பும் காலும் மெய்யை விட்டுப் பிரிந்து எழுத்து சிதறிக் கிடக்கும். ‘கொ’ என்பது யுனிகோடில் க-வும் அதன்பின் ஓர் உயிர்க்குறியும். அந்தக் குறி திரையில் இரண்டாகப் பிரிந்து க-வின் இருபுறமும் நிற்க வேண்டும். சேர்த்துப் பார்க்க வேண்டியதைப் பிரித்து இடம்போட்டால் எழுத்தே உடையும். 2008-ல் வந்த ஃபயர்பாக்ஸ் 3-ல் இது சரியானது. அதுவரை நம் ஆட்கள் பலர் சொன்ன யோசனை ‘ஐ.ஈ.-ல பாருங்க’. ஜஸ்டிஃபை என்ற ஒரு வரியை எடுத்தாலே போதுமாயிருந்தது. வாசகனை உலாவி மாற்றச் சொன்னோம்; நம் வரியை மாற்றவில்லை.

இன்று நிலைமை மாறியதுபோலத் தெரிகிறது. ஓபெரா 2013-ல் தன் சொந்த எஞ்சினைக் கைவிட்டது. மைக்ரோசாஃப்ட்டின் எட்ஜ் 2020-ல் குரோமியத்துக்கு மாறியது. 2022 ஜூனில் ஐ.ஈ. 11-க்கான ஆதரவு விண்டோஸ் 10-ன் பெரும்பாலான பதிப்புகளில் முடிந்தது. மிச்சம் மூன்று உரைகள்: குரோமின் பிளிங்க், ஆப்பிளின் வெப்கிட், ஃபயர்பாக்ஸின் கெக்கோ. ‘பேதமே இல்லாம ஒண்ணாயிட்டா வேலை மிச்சம்தானே?’ என்று இளைய நண்பர்கள் கேட்கிறார்கள். வேலை மிச்சம், சரி. ஆனால் ஒரே உரை மிஞ்சினால் அதன் பிழையும் மூலமாகிவிடும். பிழை என்று காட்ட எதிரே வேறு உரை இருக்காது. ஐ.ஈ. 6-க்கும் 7-க்கும் நடுவே ஐந்து ஆண்டுகள் போனது போட்டி ஓய்ந்திருந்த காலத்தில்தான்.

தமிழ் போன்ற மொழிக்கு இந்தக் கவலை கூடுதல். ஆங்கிலப் பக்கத்தில் ஒரு பிழை என்றால் அன்றே ஊர் கூடிவிடும். தலைப்புக்கு எழுத்து இடைவெளி கூட்டும்போதும், பத்தியின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும்போதும், வரி உயரத்தைக் குறைக்கும்போதும் தமிழ் என்ன ஆகிறது என்று நாம் பார்த்துச் சொன்னால் உண்டு. ‘கொ’-வில் தொடங்கும் பத்தி ஒன்றையும் நீளமான கூட்டுச்சொல் ஒன்றையும் வைத்து மூன்று எஞ்சினிலும் பார்க்கக் கால்மணி நேரம் போதும். இலக்கியத்தை இணையத்தில் போடுகிறவர்கள் இதைச் செய்ய வேண்டும். கவிதையின் வரி எங்கே முறிகிறது என்பது கவிஞன் தீர்மானித்தது. அதைக் கைபேசியின் அகலத்துக்கு விட்டுவிடுவது பதிப்பாசிரியர் கடமை தவறுவது.

பரிமேலழகர் பெரிய உரையாசிரியர் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. மணக்குடவரும் பக்கத்தில் இருப்பதால்தான் அவர் எங்கே மூலத்தைச் சொல்கிறார், எங்கே தன்னைச் சொல்கிறார் என்று நமக்குத் தெரிகிறது.