நினைவும் மேடையும்: ஹியோகோ நிகழ்த்துகலை மையம் குறித்து ஒரு நோக்கு

ஜப்பானின் நிஷினொமியா நகரில் அமைந்துள்ள ஹியோகோ நிகழ்த்துகலை மையத்தைக் காணச் செல்வோர் பெரும்பாலும் அதன் ஒலியமைப்பைப் பாராட்டித் திரும்புவர். அப்பாராட்டு தகும். எனினும், அம்மையம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது ஒலியமைப்பைச் சார்ந்ததன்று. 1995 ஜனவரி 17ஆம் நாள் நேர்ந்த பெருநிலநடுக்கத்தில் 6,434 பேர் உயிரிழந்தனர். மாநிலத்திற்கெனக் கலையரங்கம் ஒன்றை எழுப்பும் எண்ணம் அதற்கு முன்பே இருந்ததாயினும், பேரிடருக்குப் பின்னரே அத்திட்டம் புதுப்பொருள் பெற்றது. 2005 அக்டோபரில், மக்களின் உளமீட்சிக்கான சின்னமாக அரங்கம் திறக்கப்பெற்றது. அச்சின்னம் யாருடைய நினைவைத் தாங்குகிறது என்பதே இங்கு நம் வினா.

ஒசாகாவின் உமேதாவிலிருந்து ஹான்க்யூ விரைவு இரயிலில் கால் மணி நேரத்திற்குள் நிஷினொமியா-கித்தாகுச்சி நிலையத்தை அடைந்துவிடலாம். அங்கிருந்து மேல்தள நடைவழி மையத்திற்கு இட்டுச் செல்கிறது. உள்ளே மூன்று அரங்குகள் உள்ளன. ஏறத்தாழ 2,000 இருக்கைகள் கொண்ட பேரரங்கு ஓபராவுக்கும் இசைக்குழுவுக்கும் உரியது. 800 இருக்கைகள் கொண்ட நடுவரங்கு நாடகத்திற்கு உரியது. 417 இருக்கைகள் கொண்ட சிற்றரங்கு எண்கோண வடிவினது. இருக்கை எண்ணிக்கையைக் கொண்டு அரங்கின் பெருமையை அளக்கும் வழக்கம் நம்மிடையேயும் உண்டு. நம் மனத்தை ஈர்த்ததோ மரம் வேய்ந்த பேரரங்கன்று, சிற்றரங்கே. அங்குக் கேட்போர் கலைஞரை மட்டுமன்றி ஒருவர் மற்றவரின் முகத்தையும் காண்கின்றனர். இழப்பைப் பகிர்ந்துகொண்ட ஒரு சமுதாயத்திற்கு இதனினும் பொருத்தமான வடிவம் இருத்தல் அரிது.

மையத்தின் உண்மையான புதுமை அதன் இசைக்குழுவில் உள்ளது. கலை இயக்குநரான யுதகா சாதோவின் தலைமையில் இயங்கும் இக்குழுவில், உலகின் பல பகுதிகளிலிருந்தும் தேர்வு வழி வரும் இளங்கலைஞர்கள் இடம்பெறுகின்றனர். 35 வயது வரையினரே சேரலாம். மூன்றாண்டுகளுக்கு மேல் நீடிக்க இயலாது. பின்னர் அவர்கள் வேறு குழுக்களை நாடிச் செல்ல வேண்டும். ஓர் இசைக்குழுவின் தனிக்குரல் பல்லாண்டுச் சேர்ந்திசையால் விளைவது என்பார் இதனைக் குறையெனக் கொள்ளக்கூடும். அக்கருத்தை நாம் மறுக்கவில்லை. ஆயினும், 2025இல் 35 வயதினராயிருந்த கலைஞர் ஒருவர் நிலநடுக்கத்தின்போது ஐந்து வயதுக் குழந்தையாகவே இருந்திருப்பார். பலர் பிறந்திருக்கவே மாட்டார்கள். நேரடி நினைவு இல்லாதோரிடம் நினைவுகூரும் பணியை ஒப்படைத்திருக்கும் இவ்வேற்பாடு, கண்டவர் மறைந்த பின்னரும் தொடரக்கூடியது.

ஆசிரியர்கள் கருதத்தக்க மற்றொன்றும் உண்டு. ஹியோகோ மாநிலத்தின் நடுநிலைப்பள்ளி முதலாண்டு மாணவர்கள் இப்பேரரங்கிற்கு அழைக்கப்பெற்று, இவ்விசைக்குழுவை நேரில் கேட்கின்றனர். இசையில் நாட்டமுள்ள சிலரைத் தேர்ந்தெடுத்து அழைக்கும் ஏற்பாடன்று இது; அந்த வயது மாணவர் அனைவரையும் கருதி வகுக்கப்பெற்றது. கலைக்கல்வி குறித்த நம் கருத்தரங்குகள் பலவற்றில் தீர்மானமாக மட்டும் நின்றுவிடும் ஒன்று அங்கு நடைமுறையாகியுள்ளது.

இனி, நமக்கு நெருடலாகத் தோன்றியதைக் கூற வேண்டும். 2006இல் இம்மையம் சாதோவின் பொறுப்பில் மேடையேற்றிய ஓபரா, புச்சினியின் 'மதாமா பட்டர்ஃபிளை'. 2024இலும் அதுவே மேடையேறியது. நாகசாகியைக் களமாகக் கொண்டு 1904இல் இத்தாலியர் ஒருவர் புனைந்த ஜப்பானியப் பெண்ணை, ஜப்பானியர் தம் மீட்சியின் மேடையில் மீண்டும் காண்கின்றனர். இதனை அயலார் பார்வைக்கு அடிபணிதல் என எளிதில் ஒதுக்கிவிட இயலாது. தம்மைப் பற்றிப் பிறர் புனைந்ததைத் தம் கலைஞரைக் கொண்டே திருத்திப் பொருளுரைக்கும் முயற்சியாகவும் அதனைக் காணலாம். 2008இல் 'மெர்ரி விடோ' என்னும் இசைநாடகத்தில் ரக்குகோ கதைசொல்லியான கட்சுரா சகோபா நடித்ததும் இவ்வகை உள்ளூர்மயமாக்கமே. மேலைக்கலை அங்கு விருந்தாளியாக அன்றி வீட்டாராகவே நடத்தப்பெறுகிறது.

ஆனால் வீட்டார் வேறொருவரும் உளர். 1995 நிலநடுக்கத்தின் மையப்பகுதி அவாஜித் தீவின் வடமுனைக்கு அருகில் அமைந்தது. ஹியோகோ மாநிலத்தைச் சேர்ந்த அத்தீவு பொம்மலாட்ட மரபின் தாயகம். ஒரு பொம்மையை மூவர் இயக்க, கதைபாடுநர் ஷமிசென் இசையோடு பாடிச் செல்லும் அக்கலையைப் பின்னாளில் ஒசாகாவில் வளர்த்த உயெமுரா புன்ராக்குகென் அவாஜியில் பிறந்தவர். 'புன்ராக்கு' என்னும் பெயரும் அவரிடமிருந்தே வந்தது. அவாஜிக் கலைஞர்களுக்கான புதிய அரங்கம் 2012இல் தீவின் தென்பகுதியிலுள்ள புக்குராத் துறைமுகத்தில் திறக்கப்பெற்றது. நிலம் பிளந்த தீவின் கலை அங்கே நிற்க, மீட்சியின் நிலைக்குழுவாகத் தேர்ந்தெடுக்கப்பெற்றதோ மேலை இசைக்குழு. நவீன நகரத்தின் துயரை நவீன இசையே உரைக்கும் எனத் திட்டமிட்டோர் கருதியிருக்கலாம். எனினும், பிரிந்தோரையும் பிள்ளையை இழந்தோரையும் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த மரபொன்று கைக்கெட்டும் தொலைவில் இருந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

நிஷினொமியாவுக்கு ஆண்டுதோறும் மாணவரை வரவழைக்கும் திட்டம் இசைக்குழுவோடு நின்றுவிட வேண்டியதில்லை. அதே பதின்மூன்று வயதினர் அடுத்த ஆண்டில் பாலம் கடந்து புக்குராவுக்கும் சென்று, மூவர் கையில் ஒரு பொம்மை அழுவதைக் காணச் செய்யலாம்.