இறைவரி என்றொரு சொல்

மகளின் வளைகாப்புக்காக வெள்ளவத்தையிலிருந்து சென்னை சென்றிருந்தார் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். பேச்சுவாக்கில் உள்நாட்டு இறைவரித் திணைக்களம் என்று சொல்லிவிட்டார். "இறைவரியா? சாமிக்கா வரி கட்டுறீங்க, சம்பந்தி?" என்று சிரித்தார் மாப்பிள்ளையின் தகப்பனார். சிரிப்பு அடங்குமுன் அடுத்ததும் வந்தது: "வாடகையில எங்களுக்கு 30 பர்சென்ட் கழிவு. உங்க ஊர்ல 25தானே?"

25தான். ஆனால் அதற்குப் பக்கத்தில் இன்னொரு வழியும் திறந்திருக்கிறது.

இந்தியாவில் வாடகை வருமானத்தில் சொத்து வரி போக மிஞ்சுவதில் 30% கழிவு. பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதே 30. அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்டையே மாற்றிப் பங்குப் பணம் கட்டினாலும் செலவுக்கென்று கூடுதலாக எதுவும் கிடையாது. இலங்கையின் 2017ஆம் ஆண்டு 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டமோ தனிநபரைத் தெரிவு செய்ய விடுகிறது. மாதம் ஒரு இலட்சம் வாடகை என்றால், ஆண்டுக்கு வரும் 12 இலட்சத்தில் 3 இலட்சம் நிவாரணம். அது வேண்டாமென்றால் உண்மைச் செலவைக் கழிக்கலாம். பெரிய திருத்த வேலைகளுக்கு வரம்புகள் உண்டு. காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே, உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும் தொடர்மாடிகளில் வீட்டை வாடகைக்கு விட்டிருப்போருக்கு இந்தத் தெரிவின் அருமை தெரியும்.

தாமே குடியிருக்கும் வீட்டின் பங்குச் செலவுக்கு இரு நாட்டிலும் கழிவு இல்லை. திருத்த வேலைக்குக் கடன் வாங்கினால் இந்தியாவின் பழைய வரிமுறையில் 30,000 ரூபாய் வரை வட்டிக் கழிவு உண்டு. அது நல்ல ஏற்பாடுதான்.

அடுக்குமாடியின் உரிமையாளர் சங்கத்துக்குக் கட்டும் மாதாந்தரப் பணத்தில் அங்கே ஜிஎஸ்டி நுழைகிறது. சங்கத்தின் ஆண்டு வரவு 20 இலட்சத்தைத் தாண்டி, ஓர் உறுப்பினரின் பங்கு 7,500 ரூபாய்க்கு மேற்போனால் 18%. முழுத் தொகைக்கும் வரி என்று 2019இல் சுற்றறிக்கை வந்தது. மிகுதிக்கு மட்டுமே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது.

சங்கம் என்பது சென்னைச் சொல். கொழும்பில் அது முகாமைத்துவக் கூட்டுத்தாபனம். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமும் அதன் திருத்தங்களும் அதற்குச் சட்டப்படி ஆள்தன்மை கொடுத்தன. தமிழ்நாட்டின் முதல் அடுக்குமாடி உரிமைச் சட்டம் 1994இல்தான் வந்தது. அங்கே சொத்து வரி, இங்கே சோலைவரி. அங்கே பராமரிப்பு, இங்கே பேணுகை.

இறை என்றால் வரி. சோழர் கல்வெட்டுகளில் வரி நீக்கப்பட்ட நிலத்துக்கு இறையிலி என்று பெயர். சம்பந்தியின் ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். அவர் சிரித்த சொல் அவருடைய ஊர்க் கோவில்களின் சுவர்களிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. கொழும்பில் அது இன்றும் அரசாங்கப் படிவத்தில் அச்சாகிறது. ஆசிரியை இதைச் சொன்னபோது, மாப்பிள்ளை மட்டும் கைப்பேசியை வைத்துவிட்டு, "இன்னொரு தடவை சொல்லுங்க அத்தை" என்றார்.