‘இங்கே’ என்பது யாருடைய சொல்?

ஒரு தொலைக்காட்சி அலைவரிசை பெயர் மாற்றிக்கொள்வதை வணிகப் பக்கச் செய்தியாகவே வாசித்துப் பழகிவிட்டோம். புதிய இலச்சினை, புதிய நிறம், புதிய இசைத்துணுக்கு, அத்துடன் விடயம் முடிந்தது. ஆனால் பெயர் மாறும் அந்தத் தருணத்திலேதான் ஓர் அலைவரிசை யாரைத் தன் பார்வையாளராக ஏற்கிறது, யாரைக் கைவிடுகிறது என்பது அம்பலமாகிறது என்பது என் கருத்து. மொன்றியலில் அகதிகளாக வந்து குடியேறிய எமக்கு இது ஒதுக்கித் தள்ளக்கூடிய விவகாரமல்ல.

முதலில் ஒரு பிரித்தானிய உதாரணம். டிஜிற்றல் ஒளிபரப்புக்கென்றே உருவாக்கப்பட்ட ‘பி.பி.சி. சொய்ஸ்’ 1998 செப்ரெம்பர் 23இல் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே அதனை ‘பி.பி.சி. த்ரீ’ என்ற இளைஞர் அலைவரிசையாக மாற்ற நிறுவனம் விரும்பியது. 2001இல் அன்றைய கலாசார அமைச்சர் ரெஸா ஜோவல் அத்திட்டத்தை நிராகரித்தார். வணிக அலைவரிசைகள் ஏற்கெனவே தருவதிலிருந்து இது எவ்வாறு வேறுபடுகிறது என்பது போதியளவு நிறுவப்படவில்லை என்பதே காரணம். திருத்திய திட்டத்துக்கு ஓராண்டின் பின் நிபந்தனைகளுடன் அனுமதி கிடைத்தது. 2003 பெப்ரவரி 9இல் புதிய பெயர் திரையில் தோன்றியது. 2016இல் இணையத்துக்குத் தள்ளப்பட்ட அந்த அலைவரிசை 2022இல் மீண்டும் தொலைக்காட்சிக்குத் திரும்பியது.

இதை வைத்துப் பிரித்தானிய ஜனநாயகத்துக்குப் புகழாரம் சூட்ட நான் முன்வரவில்லை. அனுமதிக் கட்டணம் செலுத்தும் மக்களின் பணம் என்பதால் கணக்குக் கேட்கப்பட்டது, அவ்வளவே. ‘இருபத்தைந்து முதல் முப்பத்துநான்கு வயது வரை’ என்று பார்வையாளரை வகுக்கும் பார்வை விளம்பரச் சந்தையின் பார்வைதான். ஆயினும் பெயரை மாற்றுமுன் ‘யாருக்காக?’ என்ற கேள்விக்குப் பகிரங்கமாகப் பதிலளிக்க வேண்டியிருந்தது. இந்த ஒன்றை மனதிற் கொண்டு மொன்றியலுக்கு வருவோம்.

எண்பதுகளில் இந்நகரின் சிறுபான்மை இனங்கள் கேபிள் வழியே ‘கியூபெக் இனக்குழுத் தொலைக்காட்சி’ என்ற ஒன்றை நடத்தின. அதன் தொடர்ச்சியாக 1997இல் சி.ஜே.என்.ரி. என்ற நிலையம் வான்வழி ஒளிபரப்பைத் தொடங்கியது. கனேடிய ஒளிபரப்பு ஆணைக்குழு 1999இல் வகுத்த கொள்கைப்படி இனக்குழு நிலையம் ஒன்று தன் நேரத்தில் 60 வீதத்தை இனக்குழு நிகழ்ச்சிகளுக்கும், 50 வீதத்தை ஆங்கிலமோ பிரெஞ்சோ அல்லாத மொழிகளுக்கும் ஒதுக்கவேண்டும். ஏட்டில் இது பெரிய உரிமை. நடைமுறையில் நிகழ்ந்ததோ வேறு. நிலையம் ‘கான்வெஸ்ட்’ என்ற பெருநிறுவனத்தின் கைக்குப் போனது. 2007 செப்ரெம்பரில் அதன் பெயர் ஹொலிவூட் வம்புச் செய்திகளுக்குப் பேர்போன ‘ஈ!’ ஆயிற்று. இத்தாலியரும் கிரேக்கரும் அராபியரும் தென்னாசியரும் தம்முடையதென்று எண்ணியிருந்த நிலையத்தின் நெற்றியில் அமெரிக்க நட்சத்திரங்களின் விளம்பரப் பலகை! 2009இல் அது வேறொரு நிறுவனத்துக்குக் கைமாறி ‘மெட்ரோ 14’ ஆனது. 2012இல் ரொஜர்ஸ் நிறுவனம் அதனை வாங்க முன்வந்தது. அவ்வாண்டு டிசெம்பரில் ஆணைக்குழு அந்த விற்பனையை அனுமதித்து, இனக்குழுக் கடப்பாட்டிலிருந்தும் நிலையத்தை விடுவித்தது. 2013 பெப்ரவரியில் அது ‘சிற்றி’ என்ற ஆங்கில அலைவரிசையாகிவிட்டது.

பதினைந்து வருடங்களில் இத்தனை பெயர்கள். 2011 ஓகஸ்டில் டிஜிற்றலுக்கு மாறியபோது படம் தெளிவடைந்தது. நாங்கள்தான் மங்கிப்போனோம்.

இழந்ததற்கு ஈடாக, ரொஜர்ஸின் உதவியுடன் புதியதோர் இனக்குழு அலைவரிசைக்கு அதே நாளில் அனுமதி வழங்கப்பட்டது. நொரூசி குடும்பத்தினர் தொடங்கிய அதன் பெயர் ‘இசி’. ‘சர்வதேச அலைவரிசை’ என்பதன் சுருக்கம் அது. பிரெஞ்சு மொழியில் அதே எழுத்துகளுக்கு ‘இங்கே’ என்று பொருள். ‘எங்கிருந்து வந்தாய்?’ என்று ஆயுள் முழுவதும் கேட்கப்படும் மக்கள் தமது அலைவரிசைக்கு ‘இங்கே’ என்று பெயரிடுவதில் எத்தனை அர்த்தம் இருக்கிறது!

ஆனால் 2013 யூனில் அரச ஒளிபரப்பு நிறுவனமான ரேடியோ-கனடா தன் சேவைகள் அனைத்துக்கும் ‘இசி’ என்று பெயரிடப்போவதாக அறிவித்தது. சாம் நொரூசி அந்தப் பெயரை ஏற்கெனவே வணிகக் குறியாகப் பதிவுசெய்திருந்தார். அப்பதிவை நீக்குமாறு ரேடியோ-கனடா நீதிமன்றம் சென்றது. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. எதற்காக? பெயரிலிருந்து ‘கனடா’ விழுந்துவிட்டது என்பதற்காக. கண்டனத்துக்குப் பணிந்த நிறுவனம் பழைய பெயரையும் வைத்துக்கொண்டது, பின்னர் வழக்கையும் கைவிட்டது. ‘இங்கே’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமை வந்தேறிகளுக்கு உண்டா என்ற கேள்வியோ அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போயிற்று.

இந்நகரத் துறைமுகத்தை அறிந்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரவேண்டும். துறைமுகத்தில் இறங்கிய கரும்புப் பாணியின் வாசனையாற் பெயர்பெற்ற தொழிலாளர் குடியிருப்பு ஒன்று அதன் அருகே இருந்தது. 1963இல் ஏறத்தாழ 5,000 பேரை வெளியேற்றி அதனை இடித்தார்கள். அந்த நிலத்தில் எழுந்ததே ரேடியோ-கனடாவின் கோபுரம். பிறருடைய ‘இங்கே’யை அழித்த நிலத்தில் நின்றுகொண்டு ‘இங்கே’ என்ற சொல்லுக்கும் உரிமை கோரினார்கள்.

அதே துறைமுகத்து மா ஆலையின் மேல் ஒளிரும் ‘ஃபரீன் ஃபைவ் றோஸஸ்’ பெயர்ப்பலகையும் பெயர் மாறிய ஒன்றுதான். 1977இன் மொழிச் சட்டத்தையடுத்து அதிலிருந்து ‘மா’வுக்குரிய ஆங்கிலச் சொல் கழற்றப்பட்டது, பிரெஞ்சுச் சொல் நின்றது. 2006இல் விளக்குகளை அணைத்தபோது நகரமக்கள் குரல் எழுப்பினர், மீண்டும் ஏற்றினார்கள். ஒரு மா விளம்பரத்தைத் தமதென்று கருதி மக்கள் காப்பாற்றினர்.

எமது நிலை என்ன? ஆணைக்குழு எந்த அனுமதியை மாற்றுமுன்பும் பொதுமக்களின் கருத்தைக் கோருகிறது. அங்கு தமிழில் பேசும் மக்களின் சார்பில் எத்தனை மனுக்கள் போயின? தொலைக்காட்சி என்றால் வார இறுதியில் வாங்கப்படும் அரைமணி நேரம், அதில் நகைக்கடை விளம்பரமும் திரைப்பாடலும் என்றே எம்மிற் பலர் எண்ணுகின்றனர். நேரத்தை வாங்குபவன் வாடகைக்காரன். வீட்டின் பெயர் மாறும்போது வாடகைக்காரனை எவரும் கேட்பதில்லை.

‘இனி எல்லாம் இணையந்தானே, அலைவரிசை எதற்கு?’ என்று நண்பர்கள் சொல்லக்கூடும். இணையத்தில் எம்மோடு நாமே பேசிக்கொள்ளலாம், அதற்குத் தடையில்லை. பொது அலைவரிசையில் ஒலிப்பதென்பது அயலவனும் தற்செயலாகக் கேட்கும் இடத்திற் பேசுவது. அந்த இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டுத் தனியறையில் உரத்துப் பேசுவதைச் சுதந்திரம் என்று நான் ஒப்பமாட்டேன். அடுத்த தடவை ஆணைக்குழு கருத்துக் கேட்கும்போது இச்சஞ்சிகையின் வாசகர்கள் எழுதவேண்டும். பெயரை யார் வேண்டுமானாலும் வைக்கட்டும். அது யாருக்காக என்ற கேள்வியை நாம் கேட்டேயாகவேண்டும்.