மரத்துக்கு எத்தனை மார்க்?

மே மாதம், பகல் ஒரு மணி. சென்னையில் ஏதாவது ஒரு சிக்னலில் நின்று பாருங்கள். நிறுத்தக் கோட்டுக்கு இருபதடி முன்னாலேயே டூவீலர்கள் நின்றுவிடும். அங்கே ஒரு தூங்குமூஞ்சி மரத்தின் நிழல் விழுந்திருக்கும். கோடு வரைக்கும் தார் ரோடு காலியாகக் காய்ந்துகொண்டிருக்கும். பின்னால் கார்க்காரர் ஹாரன் அடிப்பார். ஒருவரும் நகர மாட்டார்கள். நகரத்து மரங்களின் பலன் பற்றிய விசாரணையில் அந்த இருபதடியை நான் முதல் சாட்சியாக எடுத்துக்கொள்கிறேன்.

மற்ற சாட்சிகளைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியிருக்கிறது. மரக்கன்று விழா மேடைகளில் ஆக்சிஜன், கார்பன், புகை, குளிர்ச்சி, மழைநீர் என்று ஐந்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். தராசில் வைத்தால் ஐந்தும் ஒரே எடை இல்லை.

ஆக்சிஜனை உடனே தள்ளிவிடலாம். காற்றில் அது 21 சதவீதம். மரமில்லாத தெருவிலும் அவ்வளவுதான். அண்ணா சாலையில் மூச்சு முட்டுவது ஆக்சிஜன் குறைந்ததால் அல்ல, புகை கூடியதால்.

கார்பனுக்கு வருவோம். வளர்ந்த மரம் ஒன்று ஆண்டுக்குச் சுமார் 20 கிலோ கார்பன் டை ஆக்சைடை இழுக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ வெளியே வரும். ஆக, மரத்தின் ஓராண்டு சேமிப்பைக் கரைக்க ஒன்பது லிட்டர் பெட்ரோல் போதும். தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு ஸ்கூட்டரில் போய்வருகிறவர் பதினைந்து நாளில் அதைத் தீர்த்துவிடுவார். காட்டுக்குச் சேர வேண்டிய பெருமையைப் பிளாட்பார மரத்தின் தலையில் கட்டுகிறோம்.

புகை வடிகட்டுவது இன்னும் சுவாரசியம். அமெரிக்க நகரங்களின் மரங்கள் ஆண்டுக்கு 7,11,000 டன் மாசை அகற்றுகின்றன என்று ஆய்வாளர் டேவிட் நோவாக் குழுவினர் 2006-இல் கணக்கிட்டார்கள். மலைப்பான எண். ஆனால் அதனால் காற்றின் தரம் எவ்வளவு தேறியது? பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் கீழே என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். போதாததற்கு, உயரமான கட்டடங்களுக்கு நடுவே பஸ் ஓடும் குறுகிய தெருவில் கிளைகள் கூரைபோல் மூடிக்கொண்டால், புகை மேலே கலையாமல் கீழேயே தேங்கவும் செய்யும்.

குளிர்ச்சிதான் நின்று பார்க்க வேண்டிய இடம். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 0.68 யூனிட் வெப்பம் செலவாகும். நாளுக்கு நூறு லிட்டரை இலை வழியே ஆவியாக விடும் பெரிய மரம், ஒன்றரை டன் ஏசி பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடி வெளியேற்றும் வெப்பத்தை விழுங்குகிறது. ஆனால் அந்த நூறு லிட்டர் மண்ணில் இருந்தாக வேண்டும். கடலோர ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு: துவைத்த துணியே காயாத புழுக்கத்தில் இலை மட்டும் எப்படிக் காயும்? எனவே சென்னையில் நான் நம்புவது ஆவியை அல்ல, நிழலை. நிழல் விழுந்த தரை, உச்சி வெயிலில் கிடக்கும் தரையைவிட 11 முதல் 25 டிகிரி வரை குறைவாகச் சுடலாம் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. நம் உடம்பை வாட்டுவது காற்றின் சூடு மட்டுமல்லவே. தலைமேல் வெயில், தாரிலிருந்தும் சுவரிலிருந்தும் அடிக்கும் அனல் எல்லாம் சேர்ந்துதான்.

காற்றின் சூட்டில் ஏற்படும் சிறிய மாற்றத்துக்கும் மதிப்பு உண்டு. 93 ஐரோப்பிய நகரங்களை வைத்து 2023-இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. மரப்பரப்பை 30 சதவீதமாக்கினால் சராசரியாகக் குறைவது 0.4 டிகிரிதான். ஆனால் 2015 கோடையில் நகர வெப்பத்தால் நேர்ந்த சுமார் 6,700 சாவுகளில் 2,644-ஐ அது தடுத்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள்.

மழைநீர் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். எங்கள் தெரு வேப்பமரத்தின் அடியைச் சுற்றி டைல்ஸ் பதித்துவிட்டார்கள். பட்டை சிமெண்ட் விளிம்பின் மேல் உதடுபோல் பிதுங்கி வழிகிறது. அதனிடம் போய் நிலத்தடி நீரைக் கேட்பது அநியாயம். மரத்தின் அடியில் நாம் செய்வது நம் கண்ணில் படுவதே இல்லை. 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தபோது எல்லாரும் குல்மொஹர் மரத்தைத்தான் திட்டினோம். பள்ளம் தோண்டி வேரை அறுத்தவர்களை யாரும் கேட்கவில்லை.

என் தீர்ப்பு இது: கார்பனுக்கும் புகைக்கும் பாஸ் மார்க்கூடத் தேறாது, நிழலுக்கு முழு மார்க். அப்படியானால் கன்றுகளை எண்ணுவதில் அர்த்தமில்லை. நடக்கிறவர் தலைக்கு மேல் எத்தனை சதுர அடி இலை என்று அளக்க வேண்டும். "ஒன்றை வெட்டினால் பத்து நடுவோம்" என்ற சமாதானம் அந்த அளவுகோலில் நிற்காது. இடுப்பளவுக் கன்றுகள் பத்து சேர்ந்தாலும் ஒரு ஸ்கூட்டருக்கு நிழல் கிடையாது; அவை கிளை விரித்து ரோட்டை மூடப் பதினைந்து ஆண்டாவது ஆகும்.

2024 கோடையில் புதுச்சேரியிலும் பிறகு சென்னையிலும் சில சிக்னல்களில் பச்சை வலைப் பந்தல் போட்டார்கள். நானும் அதன் கீழ் நின்றிருக்கிறேன். டூவீலர்கள் கோடு வரைக்கும் வந்து நின்றன.