அண்டை வீட்டாரை அழைக்கும் நூலகம்

அண்டைப் பண்பாட்டு நிறுவனங்களின் தலைவர்களை அழைத்துப் பொதுமக்கள் முன் உரையாற்றச் செய்வது நூலகங்கள் சிலவற்றின் நல்வழக்கம். நோக்கத்தில் நாம் குறை காணவில்லை. உரைகளோ பெரும்பாலும் அவரவர் நிறுவனத்தின் ஆண்டறிக்கையாகச் சுருங்கிவிடுகின்றன. எஞ்சிய நேரத்தைப் பொன்னாடைகள் எடுத்துக்கொள்கின்றன.

சென்னைக் கன்னிமாரா நூலகத்தையே எண்ணிப் பார்ப்போம். 1851இல் தோன்றிய அரசு அருங்காட்சியகத்தோடு ஒட்டி வளர்ந்த நூற்தொகுப்பிலிருந்து முகிழ்த்து, 1896இல் தனக்கெனக் கட்டடம் பெற்று மக்களுக்குத் திறக்கப்பட்டது அது. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் எனலாம். இன்றும் எழும்பூரில் அடுத்தடுத்தே நிற்கின்றன. அங்கே இத்தகைய தொடர் நிகழுமாயின், கட்டடப் பெருமையை நாம் கேட்க விரும்பவில்லை. அமராவதிச் சிற்பங்களின் முன் நின்று வியந்த ஒருவர், அவற்றைப் பற்றிய நூலைத் தேடிச் சில அடி தூரம் நடக்க வேண்டும். அவருக்கு வழி சொல்ல வேண்டியவர் காப்பாட்சியரா, நூலகரா? இருவரையும் ஒரே மேடையில் அமர்த்தி இதனையே முதலில் கேட்போம்.