நாணயமும் நீரும்: உயிரியற் பாடமொழியின் ஓர் உருவகம் பற்றி

இலக்கிய விமர்சனம் என்றதும் கவிதை, நாவல், சிறுகதை ஆகியவற்றையே கருதுவது எமது வழக்கம். ஆயினும் கலகெதரவிலும் கண்டியின் பிற சுற்றுப்புறங்களிலும் தமிழ்மொழிமூலம் உயிரியல் பயிலும் மாணவர், எந்த நாவலையும்விடக் கூர்ந்து வாசிக்கும் உரைநடை பாடக்குறிப்பின் உரைநடையே. வரிவரியாக மனனஞ் செய்யப்படும் அவ்வுரைநடைக்கும் உருவகங்கள் உண்டு. அவற்றின் பின்னே ஓர் உலகநோக்கும் உண்டு. கலத்தில் நீர், அசேதன அயன்கள், ஏ.ரீ.பீ. ஆகியவற்றின் தொழில்களைக் கூறும் பாடத்தில் வழங்கும் 'சக்தி நாணயம்' என்னும் தொடரை இங்கு நோக்குவோம்.

ஈழத்தில் அறிவியற் றமிழ் உரைநடைக்கு நீண்ட வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீனின் முயற்சியால் 'கெமிஸ்தம்' 1875இலும் 'மனுஷ சுகரணம்' 1883இலும் வெளிவந்தன. ஏ.ரீ.பீ. அக்காலத்தில் அறியப்படாத பொருள். அதனை 1929இல் ஜேர்மனியிற் கார்ள் லோமனும், அமெரிக்காவிற் சைரஸ் பிஸ்க்கும் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவும் தனித்தனியே கண்டறிந்தனர். தசைப்புரதமாகிய மயோசின் ஏ.ரீ.பீ.யைப் பிளக்கின்றது என்பதை 1939இற் சோவியத் அறிஞர்களான ஏங்கல்கார்ட்டும் லியுபிமோவாவும் காட்டினர். 'உயர்சக்திப் பிணைப்பு' என்ற கருத்தை 1941இல் விரிவாக முன்வைத்தவர் பிரிற்ஸ் லிப்மன். நாணய உருவகம் வேரூன்றியது இக்கருத்தின் அயலிலேயே.

இவ்வுருவகம் முற்றிலும் பயனற்றதன்று. உணவின் ஒட்சியேற்றத்தால் வெளிப்படும் சக்தி, தசைச் சுருக்கம், புரதத் தொகுப்பு முதலிய வெவ்வேறு வேலைகளுக்கு ஒரே பொருள் வாயிலாகச் செல்கின்றது. இப்பொதுமையை மாணவனுக்கு உணர்த்த நாணயம் உதவுகின்றது. ஆனால், சக்தி அந்நாணயத்தினுள்ளே உறைகின்றது என்ற மயக்கத்தையும் அதுவே விதைக்கின்றது. பிணைப்பொன்று உடையும்போது சக்தி வெளிவருவதில்லை. உடைப்பதற்குச் சக்தி வேண்டும். ஏ.ரீ.பீ. நீருடன் தாக்கமுற்று ஏ.டீ.பீ.யும் பொசுபேற்றும் உண்டாகும்போது புதிய பிணைப்புகள் தோன்றுகின்றன. எதிரேற்றங்களின் தள்ளுகை குறைகின்றது. விளைவுகளை நீர்மூலக்கூறுகள் சூழ்ந்து உறுதிப்படுத்துகின்றன. நியம நிலையில் மூலொன்றுக்கு ஏறத்தாழ 30.5 கிலோயூல் சக்தி இவ்வாறு கிடைக்கின்றது. கலமோ ஏ.ரீ.பீ.யின் செறிவைச் சமநிலைக்கு மிகத் தொலைவிற் பேணுவதால் அங்கு இத்தொகை மேலும் உயர்கின்றது. ஏ.ரீ.பீ. கலத்தினுட் பெரும்பாலும் மகனீசியம் அயனுடன் சேர்ந்தே தொழிற்படுகின்றது. ஆகவே சக்தி ஒரு பொருளின் தனியுடைமையன்று; நீரும் அயனும் செறிவு வேறுபாடும் கூடிய உறவின் விளைவு.

உறவினைப் பொருளின் இயல்பாகக் காணும் இம்மயக்கம் எமக்குப் புதியதன்று. மனிதரிடையேயான உழைப்புறவு பண்டங்களின் இயல்பாகத் தோன்றுவதை மார்க்ஸ் 'மூலதனம்' முதற்றொகுதியில் விளக்கினார். அந்நூல் வெளிவந்தது 1867இல். அதே ஆண்டிலேயே கண்டி மாவட்டத்து லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரிற் றேயிலை பயிரிட்டார். உழைப்பை மனிதனுக்கும் இயற்கைக்கும் இடையிலான அனுசேபமாகக் கண்டவரும் மார்க்சே. கொழுந்து பறிப்பவரின் தசையில் ஏ.ரீ.பீ. கணந்தோறும் பிளந்து கணந்தோறும் மீளத் தோன்றுகின்றது. உடலில் எவ்வேளையும் உள்ளது சிறிதளவே; ஒரு நாளில் மீளாக்கப்படுவதோ உடலின் எடையோடு ஒப்பிடத்தக்கது. இதனைப் பெட்டகத்திற் பூட்டிவைத்தல் இயலாது. பூட்டிவைக்கக்கூடிய நாணயம் அவ்வுழைப்பிலிருந்து பிறிதோரிடத்திலேயே குவிந்தது. இரண்டையும் ஒரே சொல்லாற் சுட்டும்போது, நாணயமும் அதன் குவிப்பும் இயற்கையின் நியதிகளே என்ற எண்ணம் மாணவனறியாமலே மனத்திற் படிகின்றது.

மாற்று விளக்கத்திற்கு வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. வயிற்றோட்டத்தின்போது எமது வீடுகளிற் கரைத்துக் கொடுக்கப்படும் ஜீவனியை எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனத்தின் 2002ஆம் ஆண்டுச் சூத்திரப்படி இத்தகைய கரைசலில் இலீற்றருக்குச் சோடியம் 75 மில்லிமூலும் குளுக்கோசு 75 மில்லிமூலும் இருத்தல் வேண்டும். குடற்கலத்தின் பம்பி ஓர் ஏ.ரீ.பீ.யைச் செலவிட்டு மூன்று சோடியம் அயன்களை வெளியேற்றி, இரண்டு பொற்றாசியம் அயன்களை உட்கொள்கின்றது. கலத்தினுட் சோடியம் இவ்வாறு குறைவாகப் பேணப்படுவதால், குடலிலுள்ள சோடியம் குளுக்கோசையும் உடன்கொண்டு உட்செல்கின்றது. நீர் அவற்றைப் பின்தொடர்கின்றது. ஒரு பிள்ளையின் உயிர் மீள்வது இவ்வுறவினாலேயே. நீர், உப்பு, ஏ.ரீ.பீ. எனத் தனித்தனித் தலைப்புகளின்கீழ் மனனஞ் செய்தவற்றை இவ்வொரு குவளை ஒன்றிணைத்துக் காட்டுகின்றது.

இவ்விடத்து எச்சரிக்கையொன்றும் அவசியம். நாணயத்தை நீக்கி அவ்விடத்திற் பொதுவுடைமையை அமர்த்துவது எமது நோக்கமன்று. இயற்கையை அரசியலுக்குச் சாட்சியாக வலிந்து இழுத்தமையின் கேட்டினை லைசெங்கோவின் வரலாறு உணர்த்தும். கலம் முதலாளியுமன்று, தோழருமன்று. உருவகமின்றி அறிவியலைக் கற்பித்தலும் இயலாது. ஓர் உருவகம் எதனைத் தெளிவாக்குகின்றது, எதனை மறைக்கின்றது என்று வினவும் பயிற்சியை மாணவருக்கு அளித்தல் இயலும். அது தமிழ் கற்பிப்போரும் உயிரியல் கற்பிப்போரும் சேர்ந்து ஆற்றவேண்டிய பணியாகும். பாடக்குறிப்பை விமர்சனத்திற்குரிய நூலாக ஏற்பதே அதன் முதற்படி.